எந்தப் 'பாடு'?

ஆசிரியருக்கு வணக்கம். எண்ணூர் மீனவர் பற்றிய செய்தி ஒன்றில், 'பாடு' என்ற சொல்லுக்குத் துன்பம் என்று பொருள் போட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை.

போன வாரம் விடியற்காலையில் காசிமேட்டில் நின்றிருந்தேன். அன்னக்கூடையில் சங்கரா மீன் மேல் ஐஸை அள்ளிப் போட்டபடியே ஒரு அக்கா, படகிலிருந்து இறங்கிய பையனிடம் "பாடு எப்படிப்பா?" என்றார். "பாடே இல்லக்கா" என்றான். கஷ்டம் இல்லை என்றா சொன்னான்? வலையில் மீன் படவில்லை என்றான். 'படு' என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது. மீன்பாடு என்றும் சொல்வோம்.

பழவேற்காட்டில் அதே சொல் ஒரு ஏற்பாட்டின் பெயர். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று மீனவர்கள் கூடி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வதுதான் அங்கே பாடு. இன்று ஒருவருக்கு வந்த இடம் அடுத்த முறை இன்னொருவருக்குப் போகும். இதைத் துன்பம் என்று எழுதினால், தலைமுறைகளாக வரும் ஒரு உரிமையே செய்தியிலிருந்து காணாமல் போகிறது.

அப்புறம், நெய்தல் நிலத்துக்குரிய பொழுது எற்பாடு. எல் என்றால் சூரியன். அது படுகிற, அதாவது மறைகிற நேரம். அதிலும் இருப்பது இதே பாடுதான்.

துன்பம் என்ற பொருளும் உண்டு, சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது எங்கள் பக்கத்து வீடுகளின் பாடு எனக்குத் தெரியும். ஆனால் மீனவர் வாயில் அந்தச் சொல் வந்தால், எந்தப் பாடு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

வாசகர், ராயபுரம், சென்னை.