மதுரையைத் தாண்டி ஓட்டிவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் வண்டிப் பந்தயக் கார்ட்டூன் தொடருக்கு நீ அனுப்பிய கதைக் குறிப்பை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வண்டிகள் பிரமாதம். கன்னியாகுமரியில் வரிசைகட்டி நிற்கிற அந்த முதல் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வெல் லாரி எதிரியின் வண்டிக்கு முன்னால் பள்ளம் தோண்டுவதும், கல்யாண பேண்டு செட் வேன் ஒலிபெருக்கியாலேயே வழிவாங்கிக்கொண்டு போவதும் நல்ல யோசனை. ஷேர் ஆட்டோ பந்தயத்துக்கு நடுவிலும் ஆள் ஏற்றுகிறதே, அதைப் படித்து அம்மா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

குறை ஒன்றுதான். மதுரை.

ரெண்டாம் பாகத்தில் ஆகாயத்திலிருந்து கோபுரம், ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா, அரிவாளோடு விரட்டுகிற நாலு மீசைக்காரர்கள், உடனே திண்டுக்கல். சினிமாக்காரர்கள் செய்வதையே நீயும் செய்தால் எப்படி? முதலில் ஒரு விஷயம். நாலு வழிச்சாலையில் வருகிறவனுக்குக் கோபுரம் கண்ணிலேயே படாது. திருமங்கலம், கப்பலூர் தாண்டி, நாகமலை ஓரமாகச் சமயநல்லூர், வாடிப்பட்டி என்று ஊரைத் தொடாமலே போய்விடுவான். கோபுரம் வேண்டுமென்றால் அவனை ஊருக்குள் இழுக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம்தான் கதை.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் கார்ட்டூன் நெட்வொர்க் முன்னால் உட்காருவாயே, அந்த வேக்கி ரேசஸ் பந்தயத் தொடரை நினைத்துப் பார். கடையில் எழுதிய போர்டைக் காயப்போட்டுவிட்டு வந்து நானும் பார்ப்பேன். ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும், ஆனால் படம் புரிந்தது. 1968-ல் ஹன்னா-பார்பெரா கம்பெனி எடுத்தது என்று நீதான் பிறகு சொன்னாய். பதினோரு வண்டி. வில்லன் டிக் டாஸ்டர்ட்லிக்கு 00, மற்றவர்களுக்கு 1 முதல் 10. கல் வண்டியில் ரெண்டு குகை மனிதர்கள், ரம்பச் சக்கரம் வைத்த மரவண்டி, பேய் பங்களாவையே சக்கரத்தில் ஏற்றியது போல ஒன்று. காலாலேயே ஸ்டியரிங் பிடித்துத் தூங்குகிற சோம்பேறியும் அவன் கரடியும் வருவார்களே, அவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் ஜாஸ்தி.

17 பாகம், பாகத்துக்கு ரெண்டு பந்தயம், ஆக 34. டாஸ்டர்ட்லி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். மீதி யார் யார் ஜெயித்தார்கள், சொல் பார்ப்போம்? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பயல் வண்டியை ஓரங்கட்டி, சூழ்ச்சிக்குக் குழி வெட்டி, அதிலேயே விழுந்து, அவன் நாய் மட்லி வாயைப் பொத்திக்கொண்டு இழுத்து இழுத்துச் சிரித்தது மட்டும் அப்படியே இருக்கிறது. நின்ற இடம்தான் மனதில் நிற்கிறது பாப்பா, ஓடிய தூரம் இல்லை.

ஆனால் அந்தத் தொடரில் எனக்கு அப்போதே ஒரு மனக்குறை உண்டு. அவர்கள் நின்ற இடத்துக்கு முகம் கிடையாது. அதே பாறை, அதே மரம், பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு படத்தையும் கையால் வரைந்து, ஷீட்டில் பெயிண்ட் அடித்து, வாராவாரம் கொடுக்கவேண்டிய காலம். ஒரே பின்னணியைச் சுற்றிச் சுற்றி ஓட்டியதை நான் குறை சொல்லமாட்டேன். தேர்தல் நேரத்தில் ஒரே ஸ்டென்சிலை வைத்து எத்தனை சுவரில் அடித்திருக்கிறோம்! உனக்கு அந்த நெருக்கடி இல்லை. கம்ப்யூட்டர் இருக்கிறது, பின்னணி வரைவதே உன் வேலை. சாலையை முதலில் வரை. வண்டிகள் அப்புறம் வரட்டும்.

சரி, அவர்களை ஊர்ப்பக்கம் திருப்புவது எப்படி என்று என் தொழிலிலிருந்தே சொல்கிறேன். உன் வில்லன் திருமங்கலத்தில் வழிகாட்டிப் பலகையை மாற்றட்டும். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, வெள்ளை அம்பு. மொத்தக் கூட்டமும் உசிலம்பட்டி சாலையில் திரும்பிவிடும். அங்கே என்ன இருக்கிறது? சாலை முழுக்கக் கொள்ளு. அறுத்த கொள்ளுச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பிப்போட்டு, போகிற வருகிற வண்டிச் சக்கரத்தாலேயே மணியை உதிர்த்துக்கொள்வார்கள் நம் பக்கத்து ஆட்கள். (பைக்கில் போகிறவர்கள் வழுக்கி விழுவதும், தண்டு வண்டிக்கு அடியில் சிக்கிச் சூட்டில் பற்றிக்கொள்வதும் உண்டு. நான் அதை நியாயப்படுத்தவில்லை, இருப்பதைச் சொல்கிறேன்.) மற்ற ஏழு வண்டியும் அதில் ஏறிப் போய்விடட்டும். கடைசியாக, போர்டை மாற்றிவிட்டுத் தாமதமாக வருகிற வில்லனை மட்டும் ஒரு கிழவி மறிக்கிறாள். "ஏப்பா, அந்த ஓரம் இன்னும் உதிரல, ரிவர்ஸுல ஒருக்கா வா." அவன் வருகிறான். "இந்தப் பக்கம் ஒருக்கா." பொழுது சாயும்வரை அவனை ஓட்டவிட்டு, கடைசியில் அரைப்படி கொள்ளு மடியில் போட்டு அனுப்புகிறாள். ஆத்தூரிலும் சங்ககிரியிலும் நடக்காத காட்சி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழவியின் பேச்சு இங்கேதான் கிடைக்கும். வசனம் வேண்டுமானால் உன் அப்பத்தாவை நினைத்துக்கொள், அப்படியே வரும்.

மானாமதுரை, சிவகங்கைப் பக்கம் சாலையை எடுத்துக்கொண்டால் கீதாரிகள் வருவார்கள். அறுப்பு முடிந்த வயலில் கிடை போட ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போகிற கூட்டம். ஹாரன் அடித்தால் ஆடு நகரும் என்று நினைப்பவன் வெளியூர்க்காரன். இதை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடலாம்.

நான் ரொம்ப ஆசைப்படுவது இன்னொன்று. செக்கானூரணியோ வேறு எதுவோ, எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் அவர்கள் ஊருக்குள் நுழைகிற ராத்திரி எதிர்சேவை ராத்திரியாக இருக்கட்டும், அதாவது மதுரைக்கு வருகிற கள்ளழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கிற ராத்திரி. மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை தலைதான் தெரியும், தரை தெரியாது. எட்டு வண்டியும் அங்கங்கே நிற்கும். முதலில் வந்தவனும் கடைசியில் வந்தவனும் ஒரே பந்தலில் நீர்மோர் குடிப்பான்.

அழகரே ஒரு நெடும்பயணக்காரர்தானே. தங்கை மீனாட்சிக்குக் கல்யாணம், அண்ணன் அழகர்மலையிலிருந்து கிளம்புகிறார். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். வழியெல்லாம் மண்டகப்படி. கூப்பிட்ட இடத்திலெல்லாம் நிற்கிறார். ஆற்றில் இறங்கும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று சேதி வருகிறது, கோபித்துக்கொண்டு வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். மாசியில் நடந்துவந்த கல்யாணத்தையும் தேனூரில் நடந்துவந்த அழகர் விழாவையும் திருமலை நாயக்கர்தான் சித்திரையில் சேர்த்துவைத்தார் என்பார்கள். ரெண்டையும் ஒட்டியபோது நடுவில் விழுந்த இடைவெளிக்கு ஜனங்கள் சொன்ன சமாதானம்தான் இந்தக் கதை என்று எனக்குத் தோன்றும். எப்படியோ, நேரத்துக்குப் போய்ச்சேராதவரைப் பார்க்கத்தான் லட்சம் லட்சமாக ஜனம் ஆற்றில் நிற்கிறது. டாஸ்டர்ட்லி பிறரைக் கெடுக்க நின்று தோற்கிறான். இவர் பிறர் கூப்பிட்டதற்காக நின்று தாமதமாகிறார். உன் பேண்டு செட் வேன்காரனை இந்தப் பக்கம் யோசித்துப் பார். யார் வீட்டு விசேஷம் என்றாலும் வாசிக்காமல் தாண்டத் தெரியாதவனாக அவன் இருந்தால், அவனுக்காகக் குழந்தைகள் அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: கொள்ளு அறுப்பு தை, மாசி வாக்கில். எதிர்சேவை சித்திரையில். ரெண்டையும் ஒரே பாகத்தில் வைத்தால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ரெண்டு பாகமாகப் பிரி, இல்லை ஒன்றை விடு. விடுவதென்றால் ஜிகர்தண்டாவை விடு.

கடைசிப் பக்கத்தில் 1908 நியூயார்க்-பாரிஸ் பந்தயத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பிப்ரவரி 12-ல் ஆறு கார்கள் கிளம்பி, கடலைக் கப்பலில் தாண்டி, சைபீரியாவின் சேற்றில் புதைந்து எழுந்து, ஜூலை 30-ல் அமெரிக்காவின் தாமஸ் ஃப்ளையர் பாரிஸ் வந்தது. நாலு நாள் முன்னாலேயே வந்துவிட்ட ஜெர்மன் காருக்கு, ஒரு பகுதியை ரயிலில் ஏற்றிக் கடந்ததற்கும் அலாஸ்காவுக்குப் போகாததற்கும் சேர்த்து 30 நாள் தண்டனை. அதைவிட, பாரிஸ் நகர எல்லையில் ஹெட்லைட் இல்லை என்று போலீஸ்காரர் தாமஸ் ஃப்ளையரை மறித்ததும், வழியில் போனவர் தன் சைக்கிளை விளக்கோடு தூக்கிக் காரில் வைத்ததும்தான் அம்மாவுக்குப் பிடித்தது. "உலகத்தையே சுத்தி வந்தவனையும் டிராபிக் போலீஸ் விடமாட்டான் போல" என்றாள். இதைக் குறிப்பில் வைத்துக்கொண்டு கதைக்குள் கொண்டுவராமல் விட்டிருக்கிறாயே? கோரிப்பாளையம் சிக்னலில் வை.

இனி எழுத்து. உன் வண்டிகளின் மேல் இருப்பதெல்லாம் கம்ப்யூட்டர் எழுத்து. லாரியின் நெற்றியில் "அய்யனார் துணை" அப்படி இருக்காது. வளைவில் தடித்து, முனையில் மெலிந்து, கீழே சிவப்பு ஷேடு விழுந்து, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கொஞ்சம் நெருங்கி நிற்கும். ஃபிளெக்ஸ் வந்தபின் அப்படி எழுதுகிற கை நம் தெருவில் குறைந்துவிட்டது. என் கை இன்னும் நடுங்கவில்லை. எட்டு வண்டிக்கும் முன்னால், பின்னால், கதவு ஓரம் என்று என்ன வேண்டுமோ பட்டியல் அனுப்பு. எனாமலில் தகரத்தில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். வில்லன் வண்டிக்குப் பின்னால் "நல்லதே நினை" என்று இருக்கட்டும், அது என் யோசனை, மாற்றாதே. கூலி எவ்வளவு என்று உன் தயாரிப்பாளரிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ நடுவில் வந்து "அப்பாதானே, சும்மா எழுதுவார்" என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அப்பா