ஞாயிற்றுக்கிழமையும் 7.2

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல் சான்று பெற்ற பொருள்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள் என்று முடித்திருந்தீர்கள். பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் அந்த முத்திரை எதற்காகக் கொடுக்கப்பட்டது, யார் காசில் கொடுக்கப்பட்டது என்ற இரண்டையும் கட்டுரை தொடவே இல்லை. பதினொரு வருஷம் சப்ளையர்களின் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். துணிக்குச் சாயம் ஏற்றும் ஓர் ஆலை. பெயர் வேண்டாம். சுற்றுச்சூழல் சான்றுக்கான தணிக்கைக்குப் பத்து நாள் முன்னால், சரக்கு வாங்கும் நிறுவனத்தின் சார்பில் அங்கே போயிருந்தேன். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவேட்டைக் கேட்டேன், கொடுத்தார்கள். மூன்று மாதத்துப் பக்கங்களிலும் ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து. மூன்று ஷிஃப்டுக்கும் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 7.2. ஆலை மூடிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் 7.2. தொட்டி ஓரமாகப் போய்ப் பார்த்தால், பி.எச். மீட்டரின் முனையில் உப்பு பூத்துக் காய்ந்திருந்தது. பல நாளாக அதை யாரும் தண்ணீரில் முக்கவே இல்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அது எங்கள் அலுவலகக் கோப்பிலேயே தங்கிவிட்டது. சொன்ன தேதியில் தணிக்கை நடந்தது, சான்றிதழும் வந்தது. அன்றைக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்ற உறுத்தல் இன்றுவரை போகவில்லை.

வந்த தணிக்கையாளர் மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். அதற்குள் ரசாயனக் கிடங்கு, கொதிகலன், கொள்முதல் ரசீதுகள், ஊழியர் பேட்டி எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். அப்புறம், அவர் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டியதே அந்த ஆலைதான். எந்தத் தணிக்கை நிறுவனத்தைக் கூப்பிடுவது என்று தீர்மானித்ததும் ஆலைதான். கறாராக இருந்தால் அடுத்த வருஷம் வேறொருவரைக் கூப்பிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் எவ்வளவு நேர்மையான ஆளுக்கும் கை கொஞ்சம் தளரத்தான் செய்யும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பிரேசிலின் புருமாடின்யோ சாட்சி. 2019 ஜனவரி 25 அன்று அங்கே இரும்புத்தாதுச் சுரங்கத்தின் கழிவுச்சேற்று அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அணை உறுதியாக இருக்கிறது என்று சில மாதங்களுக்கு முன்புதான் சான்று கொடுத்திருந்தார்கள். கொடுத்தது, சுரங்க நிறுவனமே பணம் கட்டி அமர்த்திய தணிக்கை நிறுவனம். அது பொருள் மீது ஒட்டும் பசுமை முத்திரை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் சான்று வாங்குகிறவரே சான்று கொடுப்பவருக்குப் படியளக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான்.

சரி, முத்திரை எதற்கு என்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரை ஐ.எஸ்.ஓ. 14001 சான்று பெற்ற நிறுவனத்தின் பொருளையும் பசுமைப் பொருள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது தவறு. 1996இல் வந்த அந்தத் தரநிலை, நிர்வாக முறையைப் பற்றியது. நிறுவனம் தனக்கென்று சுற்றுச்சூழல் இலக்கு வைத்திருக்கிறதா, சட்டத்தைக் கடைப்பிடிக்க ஏற்பாடு செய்திருக்கிறதா, குறை கண்டால் திருத்துகிறதா என்றுதான் அது பார்க்கும். இவ்வளவுக்கு மேல் மாசு வெளியேறக் கூடாது என்று அது எந்த எண்ணையும் சொல்வதில்லை. அந்த ஆலையில் தயாரான பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

பாமாயில் கதை இன்னும் சிக்கலானது. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் விளைவித்த பாமாயிலுக்கென்று தரும் ஆர்.எஸ்.பி.ஓ. சான்றில் 'மாஸ் பேலன்ஸ்' என்று ஒரு முறை உண்டு. சான்று பெற்ற தோட்டத்து எண்ணெயும் சான்று இல்லாத எண்ணெயும் ஒரே தொட்டியில் கலக்கலாம். நூறு டன் சான்று எண்ணெய் உள்ளே போனால், நூறு டன்னைத்தான் சான்று பெற்றதாகக் கணக்கில் காட்டி விற்கலாம். கணக்கு சரியாக இருக்கும். ஆனால் நீங்கள் வாங்கும் சோப்பில் இருப்பது எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த முறையே கூடாது என்பவன் இல்லை நான். தனித்தனித் தொட்டி, தனித்தனி டேங்கர் என்றால் சின்ன ஆலைகள் இந்தப் பக்கமே வர மாட்டார்கள். என் வருத்தமெல்லாம், 'கலப்பு' என்ற அந்தச் சொல் முத்திரையின் ஓரத்தில் எறும்பு அளவில் இருக்கிறதே என்பதுதான். காட்டைப் பொறுப்போடு பராமரிப்பதற்கான சான்றாகக் காகிதத்திலும் மரப் பொருளிலும் வரும் எஃப்.எஸ்.சி. முத்திரையிலும் 100 சதவீதம், மிக்ஸ், மறுசுழற்சி என்று மூன்று வகை உண்டு. வாங்குகிறவர்கள் மரச் சின்னத்தைப் பார்க்கிறார்கள், கீழே இருக்கும் சொல்லைப் பார்ப்பதில்லை.

இதில் செலவு போய் விழுவது சங்கிலியின் கடைசி ஆள் தலையில். பெரிய நிறுவனம் "சான்று இருந்தால்தான் ஆர்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். தணிக்கைக் கட்டணமும் பதிவேடு எழுதும் வேலையும் சிறு விவசாயிக்கும் சிறு பட்டறைக்கும்தான். பல பேர் சேர்ந்து குழுவாகச் சான்று பெற வழி இருக்கிறது, அது நல்ல வழி. ஆனால் அந்தக் குழுவைக் கட்டி நடத்தும் செலவையாவது வாங்குகிற பெரிய நிறுவனம் ஏற்க வேண்டாமா?

ஐரோப்பிய ஆணையம் 2020இல் பசுமை விளம்பர வாசகங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 53 சதவீதம் தெளிவற்றவை, திசைதிருப்புபவை அல்லது ஆதாரமற்றவை என்று தெரியவந்தது. முறையான சான்றுத் திட்டமோ அரசு அமைப்போ பின்னால் இல்லாத பசுமை முத்திரைகளுக்கு அங்கே 2026 செப்டம்பர் 27 முதல் தடை. நல்ல சட்டம்தான். ஆனால் போலி முத்திரைகளைத்தான் அது விலக்கும். முறையான முத்திரைக்குப் பின்னால் இருக்கும் அந்த நீலப் பேனாவை அது தொடாது. தணிக்கைக் கட்டணம் ஒரு பொது நிதிக்குப் போய், தணிக்கையாளரை அந்த நிதி தேர்ந்தெடுத்து, தேதி சொல்லாமல் அனுப்பினால்தான் அதைத் தொட முடியும். அறிக்கையின் சுருக்கமும் வெளியே வர வேண்டும். எஃப்.எஸ்.சி. காடுகளுக்கான தணிக்கைச் சுருக்கங்களை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆலைகளுக்கு மட்டும் ஏன் முடியாது?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது, ஒவ்வொரு பொருளுக்கு எதிரிலும் அது எந்த வகைச் சான்று, உரிம எண் என்ன என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். எஃப்.எஸ்.சி. முத்திரையில் அந்த எண் அச்சாகியே இருக்கும், அதன் இணையதளத்தில் போட்டால் சான்று நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவணச் சரிபார்ப்பாளர்
(பெயர் வெளியிட வேண்டாம்)