அரை அங்குல நட்டுக்கு 13 ஸ்பனர்

வட மாகாணத்தில் மோட்டார் வாகனத் தொழில் கற்பிக்கும் பயிற்சி நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் சின்னக் கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களைத் திருத்துவதுதான் என் தொழில்.

போன மாதம் ஒரு பொடியன் வேலை கேட்டு வந்தான். உங்களைப் போன்ற ஒரு நிலையத்தில் படித்துச் சான்றிதழ் பெற்றவன், கெட்டிக்காரன். புதுக் கார் ஒன்றில் கொம்பியூற்றரைக் கொழுவி, நான் தேநீர் குடித்து முடிக்கமுன் பிழையைச் சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்ற மொறிஸ் மைனரின் மனிபோல்ட் (எஞ்சினில் பூட்டிய காற்று, புகைக் குழாய்) நட்டுகளைக் கழற்றச் சொன்னேன். 13 மில்லிமீற்றர் ஸ்பனரை எடுத்தான். அந்த நட்டோ அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். 13 போகும், ஆனால் ஆடும். இரண்டாவது நட்டின் மூலைகள் மழுங்கிப் போயின. அவனில் பிழை சொல்ல மாட்டேன். அங்குல ஸ்பனர் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

உங்களிடம் கேட்க வந்தது இதுதான்: பழைய கார் திருத்தும் வேலையை விரும்பிய பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். அதைக் கை பழகிய மெக்கானிக்மாரைக் கொண்டே சொல்லிக் கொடுங்கள், அவர்கள் இருக்கும்போதே.

1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணில் காணாத சாமானான பிறகு குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்டின் ஏ40 அதைத் தாங்கியதற்குக் காரணம் உண்டு. அதன் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவையை நெரிக்கும் அளவு, 7.2க்கு 1தான். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன், அதாவது நெரிபட்டாலும் தானாக வெடிக்காமல் தாங்கும் குணம், குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சின் என்றால் நேரத்துக்கு முன்னமே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும். ஏ40 தட்டித் தட்டியாவது ஓடியது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து, எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். எனக்குத் தொழில் பழக்கியவர் ஒயில் அளக்கும் டிப் ஸ்ரிக்கை இழுத்து, ஒயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, மணந்து பார்த்து, "இன்னும் இரண்டு நாள் ஓடலாம்" என்பார். அவர் சொன்ன கணக்குப் பிழைத்து ஒரு பெயரிங்கும் போனதில்லை. எதையும் எழுதி வைக்காமலே காலமாகிவிட்டார்.

மைனரின் எஸ்.யூ. கார்பரேற்றரை ஒழுங்குபடுத்த மீற்றர் ஒன்றும் தேவையில்லை. எஞ்சின் சூடாகி மெதுவாக ஓடும்போது, கார்பரேற்றருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றரளவுக்கு உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே ஓடினால் பெற்றோல் கூடுதல். இருமி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் மட்டும் வேகமெடுத்துவிட்டுப் பழைய சத்தத்துக்கே திரும்பினால் சரி. இதற்குக் காது பழக ஒரு கிழமை போதும். ஆனால் அந்தச் சத்தம் வரும்போது "இதுதான்" என்று சொல்லப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

இது வெறும் பழம்பெருமைக் கதையல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ் மூட்டு ஒரு மரையில் திரும்புகிறது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடங்கிவிடும். வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஜக்கில் ஏற்றிச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால்தான் தெரியும். இந்தக் கார்களுக்குத்தான் இன்று பூமாலை கட்டிப் பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றுகிறோம்.

வேறொரு கராஜில் "புதுசாக்கி" வந்த மைனர் ஒன்றை இரண்டு வருடத்துக்கு முன் பார்த்தேன். கண்ணாடி மாதிரிப் பெயின்ற். கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. உளியால் தட்ட விரற்கடைத் தடிப்பில் புட்டி கழன்று விழுந்தது, உள்ளே தகரமே இல்லை. மைனருக்கு அடியில் தாங்கும் தனிச் சசி கிடையாது. அந்தப் பக்கப் பெட்டிகளும் தரையும்தான் அதன் முதுகெலும்பு. கறலை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் ஒட்டத் தெரியாதவர்தான் புட்டியை அள்ளிப் பூசுகிறார். (பழைய காருக்குள் ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டியவர்களை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவர்கள் ஹயர் ஓடிக் குடும்பம் பார்த்தவர்கள்.)

இதில் பிழைப்பு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். 1990களில் இதே நாட்டின் தெற்கில் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். 1948இல் அந்தக் காரை உருவாக்கிய நாட்டுக்கு, இங்கே அடித்த தகரம் போனது. என் கராஜிலும் முறை வரும்வரை மாதக்கணக்கில் கார்கள் நிற்கின்றன. தகரம் அடிக்கக் கை இல்லாததுதான் காரணம்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். அங்குல ஸ்பனர் ஒரு செற், செத்த எஞ்சின் ஒன்று, கிழமையில் ஒரு நாள் போதும். தடை ஒன்றுதான். சான்றிதழ் இல்லாதவர் வகுப்பெடுக்க முடியாது என்று ஒரு நிலையத்தில் எனக்குச் சொன்னார்கள். எழுபது வயது மெக்கானிக்கிடம் சான்றிதழ் கேட்காதீர்கள். ஒரு எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். வருகை ஆசிரியராக எடுக்க அந்தச் சோதனை போதும்.

செத்த எஞ்சினை நான் தருகிறேன். 948 சி.சி., பெயரிங் போனது, மற்றதெல்லாம் முழுசாக இருக்கிறது. எந்தச் சனிக்கிழமை என்றாலும் பிள்ளைகளோடு வந்து ஏற்றிக்கொண்டு போகலாம். நட்டு மழுக்கிய பொடியன் இப்போது என்னோடுதான் நிற்கிறான், தூக்கிவிடுவான்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துக் கராஜ்காரன் ஒருவன்