நிலநடுக்கத்துக்குக் கெடு குறிக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் இரண்டு நிலத்தட்டுகள் உரசிக்கொள்ளும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்திக்கு ‘பெரிய நிலநடுக்கத்துக்குக் கெடு தாண்டிவிட்டது’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். நெடுங்காலம் புள்ளியியல் கற்பித்தவன் நான். அந்தத் தலைப்பை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

அதே பிளவின் மேல் பார்க்ஃபீல்டு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என வரிசையாக 6 அளவையொட்டிய நிலநடுக்கங்கள் வந்தன. இடைவெளிகள் 24, 20, 21, 12, 32 ஆண்டுகள். சராசரி சுமார் 22. இதை வைத்துத்தான் அடுத்தது 1988 வாக்கில் வரும், 1993ஐத் தாண்டாது என்று 95 சதவீத உறுதியோடு 1985இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கணித்தார்கள். ஊரைச் சுற்றிக் கருவிகளைப் பதித்துக் காத்திருந்தார்கள். வந்ததோ 2004 செப்டம்பர் 28 அன்று. இடமும் அளவும் சொன்னபடியே இருந்தன, காலம்தான் பிடிபடவில்லை. அவ்வளவு கருவிகள் இருந்தும், முன்கூட்டியே எச்சரிக்கும்படியான தெளிவான அறிகுறி எதுவும் பதிவாகவில்லை.

அந்த ஐந்து இடைவெளிகளையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். சராசரியைக் கேட்டால் உடனே பதில் வந்துவிடும். ‘சரி, ஒன்று 12, இன்னொன்று 32, இவ்வளவு விலகல் இருக்கும்போது ஐந்தே எண்களை வைத்து ஆறாவதைச் சொல்லலாமா?’ என்று கேட்டால்தான் பிள்ளைகள் யோசிப்பார்கள்.

அப்புறம், சின்னச் சின்ன அதிர்வுகள் அழுத்தத்தைத் தணித்துவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். அதுவும் சரியில்லை. அளவு ஒரு படி ஏறினால் அந்த அளவில் வரும் நிலநடுக்கங்களின் எண்ணிக்கை சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறையும். வெளிப்படும் ஆற்றலோ ஏறக்குறைய 32 மடங்கு கூடும். 5 அளவில் பத்து வந்தாலும், 6 அளவில் வரும் ஒன்றின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 2014 முதல் 30 ஆண்டுகளுக்குள் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஒன்றாவது வர 72 சதவீத வாய்ப்பு உண்டு என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் கணித்திருக்கிறது. இதில் இடம், கால எல்லை, அளவு, வாய்ப்பு நான்கும் இருக்கின்றன. இனி இப்படியே வெளியிடுங்கள். தங்கள் இணையப் பதிப்பை அங்கே குடியிருக்கும் தமிழர்களும் படிக்கிறார்கள். கெடு தாண்டிவிட்டது என்று படித்தால் அவர்களுக்குப் பயம்தான் மிஞ்சும். இந்த நான்கையும் சொன்னால், வீட்டு அஸ்திவாரத்தைப் பலப்படுத்தச் செலவு செய்யலாமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவெடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்