ஒருநாள் செயலமர்வு எங்களுக்குப் போதாது

வட மாகாண சுகாதார, கல்வித் திணைக்கள அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து ஒரு தாய் எழுதுகிறேன். என் மகன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வகுப்பில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டான். கொப்பியை எடுத்தால் பென்சில் துலையும், பென்சிலைத் தேடப் போனால் கொப்பி துலையும். ஊரில் எல்லாரும் "சண்டைக்குள்ள பட்ட பயம்" என்றார்கள். சண்டை முடிந்தது 2009இல், இவன் பிறந்தது 2017இல்! வைத்தியர்தான் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ADHD) என்றார். வளர்ப்புப் பிழையால் வருவதில்லை, பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்றும் சொன்னார். அன்றைக்குத்தான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

கிளினிக்கில் பெற்றோர் பயிற்சிக்குப் போகத் தொடங்கியபோது, "வளர்ப்புப் பிழை இல்லையெண்டா உனக்கேன் பயிற்சி?" என்று மாமி கேட்டா. நியாயமான கேள்விதான். ஆனால் இவனுக்குச் சொல்லும் விதத்தை நான் பழக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்தவனிடம், "சப்பாத்தைக் கழட்டு, பையை வை, காலைக் கழுவு, சாப்பிட வா" என்று குசினியில் நின்றபடியே கத்துவேன். நாலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஏச்சு, அடி. கிளினிக்கில் ஒரு தாதி சில கிழமைகளாகப் பழக்கியதில் இப்போது கிட்டப் போய், தோளைத் தொட்டு, "சப்பாத்தைக் கழட்டு" என்று மட்டும் சொல்கிறேன். கழட்டின கையோடு "கெட்டிக்காரன்". பிறகுதான் பை. படிப்பில் கவனம் இன்னும் சிதறத்தான் செய்கிறது. ஆனால் வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது.

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன்னர் பெற்றோர் பயிற்சி என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2019 வழிகாட்டல் சொல்கிறது. நான் அறிய, எங்கள் ஊருக்கு வந்தது ஒருநாள் செயலமர்வுதான். ஃபைல், பேனை, சோற்றுப் பார்சல், கடைசியில் குழுப்படம். வந்தது முழுக்க அம்மாமார். வீட்டுக்குத் திரும்பினால், நான் மறுத்த டொபியை மாமி ஒளித்துக் கொடுப்பா, இவன் அப்பா "ரெண்டு போட்டாத் திருந்துவான்" என்பார். நான் மட்டும் படித்து என்ன செய்ய?

ஆகவே, குடும்பநல உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஊருக்கே அனுப்புங்கள். கிழமைக்கு ஒருநாள், பின்னேரத்தில், எட்டுப் பத்துக் கிழமையாவது தொடர்ந்து நடக்கட்டும். அப்பாமாரையும் அம்மம்மா, அப்பம்மாமாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வகுப்பு ரீச்சரும் வரவேண்டும். வீட்டில் ஒரு சொல், பள்ளிக்கூடத்தில் இன்னொரு சொல் என்றால் பிள்ளை என்ன செய்யும்?

காலபோக நெல் அரிவி வெட்டு நேரத்தில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு அப்பாவும் வரமாட்டார். வெட்டு முடியத் தொடங்கினால், எங்கள் ஒழுங்கையில் இருந்து நாலு அப்பாமாரைக் கூட்டிவருவது என் பொறுப்பு. முதல் ஆள் இவன் அப்பாதான்.

இப்படிக்கு,
ஒரு குழப்படிகாரனின் அம்மா