மக்காச்சோளமும் கொக்குகளும்

சப்போரோ,
பிப்ரவரி

அன்புள்ள சென்னியப்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் மயில்களைத் திட்டியே நிரப்பியிருக்கிறாய். விதைத்த மக்காச்சோளம் முளை விடுவதற்குள் கிளறித் தின்றுவிடுகின்றன, பட்டாசு வெடித்தால் பக்கத்துத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து சத்தம் நின்றதும் திரும்பி வருகின்றன, முறையிடப் போனால் சட்டம் படித்துக் காட்டுகிறார்கள் என்றெல்லாம். '1963இல் மயிலைத் தேசியப் பறவை ஆக்கியவர்களில் ஒருவராவது மானாவாரிக் காட்டில் சோளம் விதைத்திருப்பாரா?' என்று கேட்டிருந்தாயே, அதை மகனுக்கும் மருமகளுக்கும் படித்துக் காட்டினேன். மருமகள் சிரித்துவிட்டு, 'உங்கள் நண்பரைத்தான் சுருயிக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும் மாமா' என்றாள். அது முடியாததால் நான் போய்வந்த கதையை எழுதுகிறேன். பறவைக் கதைதான். ஆனால் உன் மக்காச்சோளமும் இதில் வருகிறது. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

சுருயி என்பது ஜப்பானின் வடக்கே உள்ள இந்த ஹொக்கைடோ தீவின் கிழக்கே இருக்கும் ஒரு கிராமம். சப்போரோவிலிருந்து குஷிரோ என்ற துறைமுக நகருக்கு ரயிலில் நான்கு மணி நேரம். அங்கிருந்து வாடகைக் காரில் வடக்கே போனோம். சப்போரோவில் பனி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. வானம் வெளுப்பதே அரிது. குஷிரோ பக்கம் வந்ததும் பளீரென்று வெயில். பனியும் குறைவு. வெயிலைப் பார்த்துவிட்டுக் காரைவிட்டு இறங்கினால் தெரியும் சேதி. விடியற்காலையில் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து, இருபது டிகிரி. மூச்சு இழுத்தால் மூக்கினுள் இருக்கும் முடியெல்லாம் விறைத்துக்கொள்கிறது. என் மஃப்ளரைப் பார்த்து மகன் சிரித்தான். ஊட்டிக்கு வாங்கியது, பாவம், அதற்கு என்ன தெரியும்?

ஊர் முழுக்கப் பால் மாடுதான். சுமார் 2,500 பேர் வாழும் கிராமம். மாடுகள் அதைவிட அதிகம் இருக்கும் என்றுதான் தோன்றியது. நம் ஊரில் கட்டுத்தரை என்போமே, அது இங்கே கல்யாண மண்டபம் அளவு. மாட்டுக்குப் போடுவது மக்காச்சோளத் தட்டை நறுக்கிப் புளிக்க வைத்த ஊறுகாய்ப்புல். தானியமாக முற்ற விடாமல் தட்டோடு அறுத்துவிடுகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

நாங்கள் போனது சுருயி-இட்டோ சரணாலயம். சரணாலயம் என்றதும் வேடந்தாங்கல் போல ஏரியும் மரமும் உன் மனதில் வரும். இங்கே ஒரு மேய்ச்சல் நிலம், அதன் ஓரத்தில் இடுப்பளவு வேலி, இந்தப் பக்கம் சாலை, அவ்வளவுதான். நுழைவுக் கட்டணம் இல்லை. வேலிக்கு அப்பால் பனி மூடிய வயலில் நூற்றுக்கும் மேற்பட்ட கொக்குகள் நின்றிருந்தன. நம் ஊர் வெள்ளைக் கொக்கைக் கண்முன் கொண்டுவராதே. இது பெருங்கொக்கு இனம், டான்ச்சோ என்பார்கள். நின்றால் ஒன்றரை மீட்டரை நெருங்கும். ஏழெட்டுக் கிலோவுக்குக் குறையாது. சிறகு விரித்தால் உன் வீட்டுத் திண்ணையின் அகலம். உடல் வெள்ளை, கழுத்து கருப்பு, உச்சந்தலையில் சிவப்பு. அந்தச் சிவப்பு இறகு இல்லை, வெறும் தோல். கோபமோ குஷியோ வந்தால் அது அகன்று இன்னும் சிவக்கிறது. கருத்த வால் என்று எல்லாரும் படத்தில் வரைவது உண்மையில் சிறகின் உள்பக்க இறகுகள். பறக்கும்போது பார்த்தால் வால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. முன்பு புழக்கத்தில் இருந்த ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் இந்த ஜோடிதான். இந்நாட்டு விமானத்தின் வாலில் இருப்பதும் இதே கொக்கு.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதன் மூச்சுக்குழாய் நீண்டு மார்பெலும்புக்குள் சுருண்டு கிடக்கிறதாம், நாதஸ்வரத்துக்கு உள்ள நீளத்தை உடம்புக்குள்ளேயே மடித்து வைத்த மாதிரி. ஆண் தலையை உயர்த்தி ஒரு முறை கூவும். அது முடிவதற்குள் பெண் இரண்டு முறை பதில் கொடுக்கும். இடைவெளி விழுவதே இல்லை. கண்ணை மூடிக் கேட்டால் ஒரே பறவை பாடுவதாகத்தான் நினைப்பாய். பிப்ரவரி இதற்கு ஜோடி சேரும் காலம் என்பதால் ஆட்டமும் பார்க்கக் கிடைத்தது. ஒன்று குனிந்து வணங்குகிறது, மற்றொன்று எம்பிக் குதிக்கிறது, தரையில் கிடக்கும் தட்டையை அலகால் எடுத்து ஆகாயத்தில் வீசுகிறது. வீசியதைப் பிடிப்பதும் இல்லை. எதற்கு வீச வேண்டும்? எனக்குப் புரியவில்லை, அதற்கும் தெரிந்திருக்காது.

அதே வயலில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. போன வருடக் குஞ்சுகள் உயரத்தில் தாய் தகப்பனுக்குச் சமமாகிவிட்டன. கழுத்தும் தலையும் மட்டும் இன்னும் பழுப்பு நிறம். குளிர்காலம் முழுக்கப் பக்கத்தில் வைத்து ஊட்டிய பெற்றோர், இப்போது அடுத்த ஈட்டுக்குத் தயாராகும் வேளையில் அதைக் கொத்தி விரட்டுகின்றன. குஞ்சு நாலடி தள்ளிப் போய், திரும்பி வந்து, மறுபடி கொத்து வாங்குகிறது. பார்த்துக்கொண்டிருந்த மருமகள் கண் கலங்கினாள். நான் என் மகனைப் பார்த்தேன். முப்பத்தாறு வயதில் இவன் இன்னும் வருமான வரிக் கணக்கை என்னிடம்தான் அனுப்புகிறான்.

சரி, கதைக்கு வருகிறேன். சோகன் எனப்பட்ட படைத்தளபதிகளின் ஆட்சிக் காலத்தில் இந்தக் கொக்கு ஜப்பானின் பல இடங்களில் இருந்தது. பிரபுக்களைத் தவிர வேறு யாரும் வேட்டையாட முடியாது. 1868இல் ஆட்சி மாறியதும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துபோனது. துப்பாக்கி ஒரு பக்கம், சதுப்பு நிலத்தை வெட்டி வயலாக்கியது மறுபக்கம். அழிந்தே போயிற்று என்று எல்லாரும் கைகழுவிவிட்டார்கள். 1924இல் குஷிரோ சதுப்பு நிலத்தின் உள்ளே பத்துச் சொச்சம் கொக்குகள் மிச்சம் இருப்பது தெரிய வந்தது. இந்த மண்ணின் ஆதிகுடிகளான ஐனு மக்கள் அதைச் சதுப்பு நிலத்தின் தெய்வம் என்றுதான் அழைத்து வந்தார்கள், அதன் ஆட்டத்தையே தங்கள் ஆட்டமாக ஆடி வந்தார்கள். 1935இல் அரசு அதை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. அறிவிப்பால் பசி தீருமா? எண்ணிக்கை ஏறவே இல்லை.

1952இல் குளிர் கடுமையாக இருந்தது. ஓடைகள் உறைந்துபோய், மீனும் புழுவும் எட்டாமல், கொக்குகள் வீடுகளைத் தேடி வந்தன. சுருயியிலும் பக்கத்து அகானிலும் இருந்த விவசாயிகள், வீட்டில் மாட்டுக்கு வைத்திருந்த மக்காச்சோளத்தை அள்ளி இறைத்தார்கள். அந்த வருடம் எண்ணிப் பார்த்தபோது மொத்தம் 33 பறவைகள். அன்றைக்கு அள்ளிய கை நிற்கவே இல்லை. 1960களில் இட்டோ யோஷிடகா என்ற பால் பண்ணைக்காரர் தன் மேய்ச்சல் நிலத்திலேயே தீனி போட ஆரம்பித்தார். 1987இல் ஜப்பான் காட்டுப் பறவைகள் சங்கம் அங்கேதான் சரணாலயத்தைத் திறந்தது. நாங்கள் நின்ற வேலிக்கு அப்பால் இருந்தது அவருடைய நிலம்தான். நடுவில் மின்கம்பியில் மோதிச் செத்தவை ஏராளம். கம்பிகளுக்கு மஞ்சள் குழாய் மாட்டிய பிறகு அது குறைந்தது. இன்றைக்கு ஹொக்கைடோவில் 1,800க்கு மேல் இருக்கின்றன. ரஷ்யா, சீனா, கொரியா எல்லாம் சேர்த்தாலும், உலகில் உள்ள இந்தக் கொக்குகளில் ஏறத்தாழப் பாதி இங்கேதான்.

இந்த இடத்தில்தான் உன்னை நினைத்துக்கொண்டேன். 33ஐ 1,800 ஆக்கியவன் அரசாங்க அதிகாரி இல்லை, பறவை ஆராய்ச்சிக்காரனும் இல்லை. மக்காச்சோளம் விதைத்த விவசாயி. இப்போது அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று கேள். இந்த 1,800 கொக்குகளுக்கும் தீனி போடும் பெரிய இடங்கள் மூன்றுதான். பெரும்பாலானவை அங்கேதான் குவிகின்றன. ஒரு பறவைக் காய்ச்சல் வந்தால் மொத்தமும் போய்விடும் என்ற பயத்தில், 2015 முதல் சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்த மூன்று இடங்களிலும் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தீனியைக் குறைக்க ஆரம்பித்தது. வயிறு காய்ந்தால் தானாகப் பிரிந்து வேறு ஊர்களுக்குப் போகும் என்பது கணக்கு. கொஞ்சம் போயும் இருக்கின்றன. மீதி எங்கே போகும்? பக்கத்தில் நூற்றுக்கணக்கான மாடுகள் சுகமாக ஊறுகாய்ப்புல் தின்றுகொண்டிருக்கின்றனவே! சாலையோரப் பண்ணை ஒன்றில் கொட்டகை வாசலுக்குள் தலையை நீட்டி நாலைந்து கொக்குகள் நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். மாடுகள் கண்டுகொள்ளவில்லை. பண்ணைக்காரர் கண்டுகொண்டார், ஆனால் விரட்டவில்லை. மகனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். தீனி போவதைவிட, மாட்டைக் கலைத்துவிடுவதும், சாணக்குழியில் விழுந்து சாவதும்தான் தொல்லை என்றார். வசந்தத்தில் சோளம் விதைத்தால் முளையைப் பிடுங்குமாம். நான் மகனிடம், 'எங்கள் ஊரிலும் இதே கதை, பறவை மட்டும் வேறு என்று சொல்' என்றேன். அவர் மயில் என்று கேட்டதும் சிரித்தார். 'அவ்வளவு அழகான பறவையா உங்கள் வயலைத் தின்கிறது?' என்றார். இவரும் நம் தேசியப் பறவைக் கட்சிதான் போலிருக்கிறது!

தீனியைக் குறைத்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். பத்துச் சொச்சம் பறவையிலிருந்து பெருகிய கூட்டம். எல்லாம் ஒரே இரத்தம். நோய் வந்தால் தாங்காது. ஆனால் தீனி போடுவதைக் குறைக்கும் திட்டத்தோடு, இடம் மாறும் பறவை புதிதாகப் போய் இறங்கும் ஊரின் விவசாயிக்கு என்ன ஈடு என்பதையும் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். கடைசி வரியில் எழுதினால் அது நடக்காது என்பது நமக்குத் தெரியும். மயில் விஷயத்தில் நாம் ஊட்டிப் பெருக்கவில்லை, நரி இல்லாமல் போனதால்தான் பெருகின என்பது உன் கட்சி. இருக்கலாம். ஆனாலும் விரட்டினால் போகாது என்ற இடத்துக்கு நீயும் அந்தப் பண்ணைக்காரரும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். உனக்கு நான் சொல்லக்கூடியது, விதையைக் கொஞ்சம் ஆழமாகப் போடு, முதல் இரண்டு வாரம் ஆள் வை என்பதைத் தவிர எதுவுமில்லை. அதை நீ எனக்கு முன்பே செய்து தோற்றிருப்பாய்.

மறுநாள் விடிவதற்கு முன் ஒட்டோவா பாலத்துக்குப் போனோம். செட்சுரி ஆற்றின் மேல் உள்ள பாலம். ஊற்றுநீர் கலப்பதால் அந்த ஆறு கடுங்குளிரிலும் உறைவதில்லை. இரவில் கொக்குகள் அந்த ஆழமில்லாத நீரில்தான் நின்று தூங்குகின்றன. காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பு, நரியும் சத்தமில்லாமல் நெருங்க முடியாது. கால் உறையாதா என்று கேட்பாய். காலுக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாயும் மேலே ஏறும் குளிர்ந்த குழாயும் ஒட்டினாற்போல ஓடுகின்றன. சூடு கால் நுனிக்குப் போய் வீணாகாமல் வழியிலேயே கைமாறிவிடுகிறது. ஆற்றிலிருந்து ஆவி எழுந்து, கரையோர மரங்களின் ஒவ்வொரு குச்சியிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. பாலத்தில் நிற்க இடமில்லை. என் கை நீளத்துக்கு லென்ஸ் வைத்தவர்கள் இருட்டிலேயே வந்து இடம் பிடித்துவிட்டார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, ஆனால் ஒரு கொக்கு கழுத்தை நீட்டியதும் ஐம்பது கேமராக்கள் கடகடவென்று சுடுகின்றன. பாதிப் பேர் கொக்கைத் திரையில்தான் பார்த்தார்கள். கொக்குகளுக்கு எந்த அவசரமும் இல்லை. வெயில் நன்றாக ஏறும்வரை தலையைச் சிறகுக்குள் செருகி நின்றுவிட்டு, பிறகு மூன்று மூன்றாகக் குடும்பத்தோடு கிளம்பிச் சோள வயலுக்குப் போயின. தோட்டத்துக்கு வேலைக்கு வரும் ஆட்களைவிடத் தாமதம் என்று நீ எழுதுவாய், தெரியும்.

இன்னொரு சேதி. சப்போரோவுக்குப் பக்கத்திலேயே நகனுமா என்று நெல் விளையும் ஊர் ஒன்று இருக்கிறது. வெள்ளத்தைத் தேக்க ஒரு பெரிய நீர்த்தேக்கம் வெட்டியபோது, அங்கே கொக்கை வரவழைக்கலாம் என்று முதலில் பேச ஆரம்பித்தவர்கள் அந்த ஊர் விவசாயிகளேதானாம். கூடாது என்று சொன்ன விவசாயிகளும் உண்டு. வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். 2020இல் ஒரு ஜோடி அங்கே குஞ்சு பொரித்துவிட்டது. பயிர் வைப்பவனை முதலிலேயே கூப்பிட்டு உட்கார வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. மகன் ஏப்ரலில் அழைத்துப் போகிறேன் என்கிறான். அங்கே யாராவது பேசக் கிடைத்தால், முளைக்கும் பயிரைக் காக்க என்ன செய்கிறார்கள் என்று உனக்காகக் கேட்டு எழுதுகிறேன்.

மற்றபடி இங்கே எல்லாரும் நலம். பேத்தி தமிழில் 'ழ' சொல்லப் பழகிவிட்டாள். அதை ஊர் முழுக்கச் சொல்லிக் காட்டுகிறாள், கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. என் முழங்கால் குளிரில் முறைக்கிறது. மே முதல் வாரம் கோயம்புத்தூர் வந்து இறங்குவேன். ராகி மாவை அனுப்பட்டுமா என்று அக்கா கேட்டதாக எழுதியிருந்தாய். அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடு. உன் சம்பந்தி வீட்டுக் கிணற்றுப் பங்கு வழக்கு என்ன ஆயிற்று? மயிலைத் திட்டிய வேகத்தில் அதை எழுதவே மறந்துவிட்டாய். அடுத்த வாய்தா தேதியையாவது எழுது.

அன்புடன்,
வேலுச்சாமி