தாவீதும் 'அனுப்பினான்' என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் விவிலியத்தில் வரும் இஸ்ரவேலின் தாவீது அரசனைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1993-இல் வட இஸ்ரேலின் தெல் தானில் கிடைத்த கல்வெட்டில் 'தாவீதின் வீடு' என்ற தொடர் இருப்பதைக் காட்டி, அப்படி ஓர் அரசன் வாழ்ந்தானா என்ற கேள்வியோடு கட்டுரையாளர் நின்றுவிட்டார். கதை எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மனம் ஆறவில்லை.

காரைக்குடிக் கம்பன் விழாவில் வாலி வதையை அணி பிரித்து வாதாடக் கேட்டு வளர்ந்தவள் நான். இராமன் மறைந்து நின்று அம்பு எய்தது முறையா என்று கேட்டவர்கள் கிட்கிந்தையைத் தேடி மண்ணைத் தோண்டவில்லை, பாட்டைத்தான் தோண்டினார்கள்.

அப்படித் தாவீதின் கதையைச் சொல்லும் விவிலிய நூலான இரண்டாம் சாமுவேலின் 11-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ராஜாக்கள் யுத்தத்திற்குப் புறப்படும் காலம் என்று தொடங்கும் வசனம், தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான் என்று முடிகிறது. பிறகு திரும்பிய பக்கமெல்லாம் 'அனுப்பினான்'தான். ரப்பா நகரை முற்றுகையிடத் தளபதி யோவாபை அனுப்புகிறான். பிறன் மனைவியான பத்சேபாளைத் தன்னிடம் அழைத்துவர ஆள் அனுப்புகிறான். அவள் கணவனான போர்வீரன் உரியாவைச் சாகடிக்கச் சொல்லி யோவாபுக்கு எழுதிய கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான்.

என் தகப்பனார் இங்கே ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். கொண்டுபோகக் கொடுத்த கடிதத்தைப் பிரிப்பது அவருக்குத் திருட்டுக்குச் சமம். உரியாவும் பிரிக்க மாட்டான் என்று தாவீது நம்புகிறான். அந்த நேர்மையை வைத்தே அவனைக் கொல்கிறான். அதிகாரத்தின் கடைசி வசனம் வரை எழுதியவரிடமிருந்து ஒரு கண்டனச் சொல் இல்லை. அடுத்த அதிகாரம் திறந்ததும், கர்த்தர் நாத்தானைத் தாவீதினிடத்தில் அனுப்பினார் என்று வருகிறது; நாத்தான் ஒரு தீர்க்கதரிசி. அதே சொல்! அதுவரை எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தவனின் வாசலுக்கு இப்போது ஒருவர் அனுப்பப்படுகிறார்.

நாத்தான் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்ல, தாவீது கொதித்துப்போய்த் தானே தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான். பாண்டியனின் "யானே கள்வன்" காதில் ஒலிக்காமல் இந்த இடத்தை நான் ஒருநாளும் கடந்ததில்லை. பாண்டியன் அங்கேயே உயிர் விடுகிறான்; தாவீது உயிரோடிருந்து பிள்ளைகளைப் பறிகொடுக்கிறான். எது கொடிய தண்டனை என்று என் வகுப்பு மாணவிகள் மணி அடித்த பிறகும் வாதாடியிருக்கிறார்கள்.

விவிலியத்தின் இன்னொரு வரலாற்று நூலான நாளாகமமும் அதே ரப்பா முற்றுகையைச் சொல்கிறது. ஆனால் பத்சேபாளையும் உரியாவின் சாவையும் அப்படியே விட்டுவிடுகிறது. இந்த இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒரு கட்டுரையைத் தங்கள் இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தேவகோட்டை.